குளூக்கோமீட்டர் காட்டும் எண்களுக்கு ஒரு எக்ஸெல் தாள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் பலர், எக்ஸெல் தொகுப்பை ஒரு முறை திறந்து பார்க்கின்றனர். திரை முழுவதும் கட்டம் கட்டமாக இருப்பதைக் கண்டு, "இது ஆபீஸ்காரர்கள் சமாசாரம்" என்று மூடிவிடுகின்றனர். பிறகு அந்தக் கம்ப்யூட்டரில் பாட்டும் படமும்தான் ஓடும். இந்தக் கட்டங்களில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு ஒன்று இன்று பல வீடுகளில் இருக்கிறது. அது சர்க்கரைக் கணக்கு. ரேஷன் கடை சர்க்கரை அல்ல, ரத்தத்தில் ஓடும் சர்க்கரை.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று, நம் நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடிப் பேர் எனக் கணக்கிட்டது. தமிழக அரசின் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளி கிராமத்தில் முதல்வர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்தார். சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, ஏற்கனவே நோய் உள்ளவர்களுக்கு மாத்திரையும் தருகின்றனர். 2024ல் இத்திட்டத்திற்கு ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் கிடைத்தது. தனக்குச் சர்க்கரை இருப்பதே தெரியாமல் இருந்தவருக்கு, இப்படி வாசல் திண்ணையிலேயே அது தெரிய வரலாம். டாக்டர் லேப் பரிசோதனையில் அதை உறுதி செய்து மாத்திரை எழுதித் தருவார். வீட்டில் மகனோ மகளோ ஒரு குளூக்கோமீட்டர் வாங்கி வருவர்.

அன்றிலிருந்து தொடங்குகிறது குழப்பம். காலையில் 138. மதியம் 204. மறுநாள் 97. இதில் எது நல்லது, எது கெட்டது?

எண்ணுக்கு நேரம்தான் முகவரி

மீட்டர் காட்டுவது, ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளூக்கோஸ் இருக்கிறது என்பதை. சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் பலருக்கும் டாக்டர்கள் வைக்கும் இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிடத் தொடங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்திற்குள் 180க்குக் கீழ் என்பதாகும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்த இலக்கு மாறும். உங்களுக்கு உரியதை உங்கள் டாக்டரிடம் கேட்டு, மீட்டர் பெட்டியின் மேலேயே எழுதி வைக்கவும்.

இப்போது 168 என்ற எண்ணை எடுத்துக் கொள்வோம். மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வந்தால், பரவாயில்லை. எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வெறும் வயிற்றில் வந்தால், அது கவனிக்க வேண்டிய எண். எண் ஒன்றுதான், செய்தி இரண்டு. எப்போது எடுத்தது என்று தெரியாத ரீடிங், பின்கோடு இல்லாத கடிதம் போன்றது.

"நான்தான் நேரம் எழுதி வைக்கிறேனே" என்று நீங்கள் சொல்லலாம். கடிகார நேரம் மட்டும் போதாது. காரணத்தை ஓசூர்க்காரர்களுக்கு எளிதாக விளக்கலாம்.

ஓசூர் சிப்காட்டில் மூன்று ஷிப்டிலும் மாறி மாறி வேலை பார்க்கும் ஒருவரைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். இந்த வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். இரவு இரண்டரை மணிக்கு கேன்டீனில் சாப்பாடு. ஐந்து மணிக்குச் சர்க்கரை போட்ட டீயும் ஒரு பன்னும். ஆறு மணிக்கு வேலை முடிந்து, ஏழு மணிக்கு வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிறார். 196. நோட்டில் "காலை, வெறும் வயிறு, 196" என்று எழுதிவிடுகிறார். காலை என்றாலே வெறும் வயிறு என்பது அவர் எண்ணம். ஆனால், அது டீயும் பன்னும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு.

நோட்டைப் பார்க்கும் டாக்டருக்கு இது எப்படித் தெரியும்? வெறும் வயிற்றில் 196 என்றால் மாத்திரையின் அளவைக் கூட்டுவதுதான் முறை. அடுத்த வாரம் அவருக்கு பர்ஸ்ட் ஷிப்ட். அதிகாலை நாலரைக்கு எழுந்து, கூட்டிய மாத்திரையைப் போட்டுக் கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சாப்பிடாமல் ஓடுகிறார். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் கிளிமிபிரைட் போன்ற மாத்திரையாக இருந்தால், சர்க்கரை 70க்குக் கீழே இறங்கிவிடலாம். கை நடுக்கம், வியர்வை, கண் மங்கல். இது மெஷின் முன் நிற்கும்போதோ, பைக்கில் தேசிய நெடுஞ்சாலையில் செல்லும்போதோ வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நோட்டில் எழுதிய ஒரு தவறான தலைப்பிலிருந்து வந்த வினை இது.

எனவே நமக்கு வேண்டியது, "கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று?" என்ற தகவல். இதைத்தான் நம் எக்ஸெல் தாளில் தனி வரிசையாக வைக்கப் போகிறோம்.

ஒரு என்ஜினியர் செய்தது

இப்படி எண்களை எழுதி வைத்து ஆராய்வது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டீன் என்ற என்ஜினியருக்கு 12 வயதிலிருந்து சர்க்கரை நோய். 1969 வாக்கில், ரத்தச் சர்க்கரையை அளக்கும் கருவி ஒன்றின் விளம்பரத்தைப் பார்த்தார். ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான எடை. டாக்டர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்பார்கள். அவர் மனைவி டாக்டர் என்பதால், மனைவி பெயரில் ஆர்டர் செய்து வாங்கினார். தினமும் பல முறை அளந்து, எதைச் சாப்பிட்டால் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு இன்சுலினுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு மெஷினைச் சோதிப்பது போலச் சோதித்தார். நோயாளியே வீட்டில் அளந்து பார்க்கலாம் என்பதை மருத்துவ உலகம் ஏற்க மறுத்ததால், 45 வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து டாக்டரும் ஆகிவிட்டார். அவர் பிறகு சொன்ன உணவு முறை பற்றி டாக்டர்களிடையே இரு கருத்து உண்டு. அளந்து எழுதும் பழக்கம் மட்டும் உலகெங்கும் பரவிவிட்டது.

தாள் தயார் செய்வோம்

எக்ஸெல் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் போதும். கட்டளைகளின் பெயர்கள் சற்று மாறும், வேலை ஒன்றுதான்.

புதிய பைல் ஒன்றைத் திறக்கவும். முதல் படுக்கை வரிசையில் தலைப்புகளை அமைக்கவும். ஏ வரிசையில் தேதி, பி வரிசையில் நேரம், சி வரிசையில் ஷிப்ட், டி வரிசையில் சாப்பிட்டு எத்தனை மணி நேரம், ஈ வரிசையில் வகை, எஃப் வரிசையில் ரீடிங், ஜி வரிசையில் குறிப்பு. தலைப்புகளின் கீழ் ஒரு ரீடிங்கை உள்ளிட்டுவிட்டு, அந்தப் பகுதியில் கர்சரை வைத்து கண்ட்ரோல் கீயுடன் டி கீயை அழுத்தவும். தலைப்புகள் உள்ளனவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்து ஓகே கொடுக்கவும். இப்போது ஒவ்வொரு தலைப்பின் அருகிலும் கீழ் நோக்கிய சிறிய அம்புக்குறி தோன்றும். இது பின்னால் நமக்குப் பயன்படும்.

அடுத்து வகை. ஒரு நாள் "வெறும் வயிறு" என்றும், மறுநாள் "வெறும்வயிறு" என்றும் டைப் செய்தால், கம்ப்யூட்டர் இரண்டையும் வேறு வேறாக எடுத்துக் கொள்ளும். இதைத் தவிர்க்க, ஈ வரிசையில் தலைப்பின் கீழுள்ள செல்களை, கீழே இன்னும் சில நூறு செல்களையும் சேர்த்து, தேர்ந்தெடுத்து டேட்டா டேபில் டேட்டா வேலிடேஷன் கிளிக் செய்திடவும். அலவ் என்ற இடத்தில் லிஸ்ட் என்பதைத் தேர்ந்தெடுத்து, சோர்ஸ் கட்டத்தில் வெறும் வயிறு, உணவுக்கு முன், உணவுக்குப் பின், தூங்கும் முன், மற்றவை என்று காற்புள்ளி இட்டு டைப் செய்து ஓகே கொடுக்கவும். இனி செல்லில் கிளிக் செய்தால் பட்டியல் விரியும். தேர்ந்தெடுத்தால் போதும். வெறும் வயிறு என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன், டி வரிசையில் 8 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

தேதியை டைப் செய்யத் தேவையில்லை. கண்ட்ரோல் கீயுடன் செமிகோலன் கீயை அழுத்தினால் இன்றைய தேதி வந்துவிடும். ஷிப்ட் கீயையும் சேர்த்து அழுத்தினால் அந்த நேரம் கிடைக்கும். பழைய நோட்டில் உள்ளதை ஏற்றுபவர்கள் தேதியைக் கையால்தான் டைப் செய்ய வேண்டும். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல கம்ப்யூட்டர்களில் விண்டோஸ், அமெரிக்க முறைக்கு அமைக்கப்பட்டிருக்கும். ஜூன் 5ஆம் தேதியை 5-6 என்று நீங்கள் டைப் செய்தால், அது மே 6 என எடுத்துக் கொள்ளும். 13-6 என்று டைப் செய்தால் 13ஆவது மாதம் இல்லாததால், அதைத் தேதியாகவே கொள்ளாது. கண்டுபிடிப்பது எளிது. தேதியாக ஏற்றவை செல்லின் வலது ஓரத்திலும், ஏற்காதவை இடது ஓரத்திலும் நிற்கும். அப்படிப் பாதி இங்கும் பாதி அங்கும் நின்றால், விண்டோஸ் செட்டிங்ஸ் சென்று டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் ரீஜன் பார்த்து, இந்தியாவுக்குரிய பார்மட்டைத் தேர்ந்தெடுக்கவும். ஏற்கனவே தவறாக ஏறியவற்றை மீண்டும் டைப் செய்வதே நல்லது.

மீட்டரிலும் ஒரு கடிகாரம் உண்டு. பாட்டரி மாற்றினால் பல மீட்டர்களில் அது முதலுக்குப் போய்விடும். கைக்கடிகாரம் செய்து நாடெங்கும் அனுப்பும் ஓசூரிலேயே, நேரம் சரி செய்யாத மீட்டர்கள் எத்தனை வீடுகளில் இருக்கின்றனவோ!

கடைசியாகக் கலர். எஃப் வரிசையைத் தேர்ந்தெடுத்து, ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், பிட்வீன் எனச் சென்று, 1 மற்றும் 69 எனக் கொடுத்து சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும். லெஸ் தேன் 70 என்று கொடுக்கலாமே எனக் கேட்கலாம். அப்படிக் கொடுத்தால், காலியாக உள்ள செல்களையும் பூஜ்யமாகக் கருதி சிவப்பாக்கிவிடும். வெற்று செல்களைப் பார்த்து வீடே பதறும்.

எண் எவ்வளவு உண்மை?

இரண்டு நிமிட இடைவெளியில் 186, 204 என்று வந்தால் மீட்டர் கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம். வீட்டு மீட்டர்களுக்கான 2013ஆம் ஆண்டு சர்வதேசத் தர விதிப்படி, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்படுகிறது. 100க்குக் கீழ் என்றால் 15 மில்லிகிராம். இந்த எல்லைக்குள் 100க்கு 95 ரீடிங்குகள் வந்தால் மீட்டர் தேறிவிட்டது. உண்மையில் 200 இருந்தால் 170ம் காட்டலாம், 230ம் காட்டலாம். ஆகவே இரண்டு புள்ளி ஏறியதற்கு வருந்துவதும், மூன்று புள்ளி இறங்கியதற்கு ஜிலேபி வாங்குவதும் வீண்.

ஆனால், கை சுத்தமாக இல்லாவிட்டால் வரும் பிழைக்கு எல்லையே இல்லை. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011ல் ஒரு சோதனை செய்தனர். பழத்தை உரித்துவிட்டுக் கை கழுவாமல் விரலைக் குத்தினால், சர்க்கரை பல மடங்கு கூடுதலாகக் காட்டியது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் முழுவதும் சரியாகவில்லை. குழாய்த் தண்ணீரில் கழுவிய பிறகே உண்மை அளவு வந்தது. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பிசுபிசுக்காத விரல் எது? சோப்பு போட்டுக் கழுவி, நன்கு துடைத்து, பிறகு குத்தவும். ஸ்ட்ரிப் டப்பாவை பைக்கின் சீட்டுக்கு அடியில் வெயிலில் வேக விடாதீர்கள். மூடியை உடனே மூடவும்.

சிங்கப்பூரிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த மீட்டர் 7.8 என்று காட்டினால், அது மில்லிமோல் கணக்கு. 18ஆல் பெருக்கினால் நம் கணக்கில் 140. மீட்டரில் "ஹெச்.ஐ." என்று எழுத்து வந்தால், அது உங்களுக்கு ஹாய் சொல்லவில்லை. அளவிட முடியாத உயரம் என்று பொருள். கையைக் கழுவி மறுபடி பார்த்தும் அதே வந்தால், உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

தாளைக் கேள்வி கேளுங்கள்

ஸ்ட்ரிப் விலையை நினைத்தால் கண்டபடி குத்த முடியாது. ஒரு நாளைக்கு இரண்டு போதும், ஜோடியாக எடுத்தால். திங்கள் அன்று காலை உணவுக்கு முன் ஒன்று, இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. செவ்வாய் அன்று மதிய உணவு. புதன் இரவு உணவு. குறிப்பு வரிசையில் என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு என்று எழுதவும். இன்சுலின் போடுபவர்களுக்கு இது போதாது. அவர்கள் டாக்டர் சொன்னபடி எடுக்கவும்.

இரண்டு வாரம் ஆனதும் வகை தலைப்பின் அம்புக்குறியைக் கிளிக் செய்து, வெறும் வயிறு என்பதை மட்டும் டிக் செய்து பாருங்கள். மற்றவை மறைந்துவிடும். ரீடிங் செல்களை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். பார்முலா எதுவும் வேண்டாம். திரையின் அடியில் உள்ள ஸ்டேட்டஸ் பாரில் சராசரி தெரியும். அந்தப் பாரில் ரைட் கிளிக் செய்து மினிமம், மேக்ஸிமம் இரண்டையும் டிக் செய்திடவும். இது முக்கியம். 60ம் 240ம் சேர்ந்தால் சராசரி 150. கேட்க நன்றாக இருக்கும். இரண்டுமே ஆபத்தானவை என்பதைச் சராசரி மறைத்துவிடும். மீட்டரே காட்டும் 14 நாள் சராசரியிலும் இதே கோளாறு உண்டு.

ஷிப்ட் தலைப்பிலும் இதே போல பில்டர் செய்து பாருங்கள். நைட் ஷிப்ட் வாரங்களில் மட்டும் கூடுகிறதா? அப்படியானால் டாக்டரிடம் பேச வேண்டியது மாத்திரையின் அளவை மட்டுமல்ல, அதைப் போடும் நேரத்தையும் இரவு இரண்டரை மணிச் சாப்பாட்டையும் பற்றி. இரவு ஒன்பதுக்கு 130ல் படுத்தவருக்குக் காலை எழும்போது 160 இருக்கலாம். "ஒன்றும் சாப்பிடவில்லையே" என்று திகைப்பர். விடியற்காலையில் சில ஹார்மோன்கள் கூடும்போது, கல்லீரல் தானாகவே சர்க்கரையை ரத்தத்தில் விடும். திருட்டுத் தீனி என்று வீட்டுக்காரரைச் சந்தேகிக்க வேண்டாம்.

நம் பகுதியில் ராகிக் களிக்குச் சர்க்கரை ஏறாது என்று நம்பிக்கை. எல்லை தாண்டி அத்திப்பள்ளியிலும் முத்தே பற்றி இதையே சொல்வார்கள். 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 67 கிராம் மாவுச்சத்து; அரிசியில் 78. ராகியில் நார்ச்சத்து அதிகம், அது நல்லதுதான். ஆனால், மூன்று உருண்டை களி மூன்று உருண்டை மாவுச்சத்துதான். ஒரு உருண்டையும் நிறைய கீரையும் ஒரு நாள், வழக்கமான அளவு மறுநாள் என்று சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து வரும் ரீடிங்குகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். உங்கள் உடம்பு சொல்வதை உங்கள் தாளே காட்டும்.

மூன்று மாதத்திற்கு ஒரு முறை எடுக்கும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் 7 சதவீதம் என்றால், ஏறத்தாழ 154 என்ற சராசரிக்குச் சமம். 8 என்றால் 183, 9 என்றால் 212. உங்கள் தாளில் சராசரி 130 இருந்து, லேப் ரிப்போர்ட்டில் 9 வந்தால்? ரத்தசோகை போன்ற காரணங்களாலும் ஹெச்பிஏ1சி மாறலாம். ஆனால், நல்ல பிள்ளையாக இருந்த நாட்களில் மட்டும் விரலைக் குத்தியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 1984ல் அமெரிக்காவில் ஒரு ஆய்வில், நோயாளிகளுக்குத் தெரியாமல் மீட்டருக்குள் மெமரி சிப் வைத்துக் கொடுத்தனர். நோட்டில் எழுதியதையும் சிப்பில் இருந்ததையும் ஒப்பிட்டபோது, பலர் கூடுதலான எண்களை விட்டுவிட்டும் குறைத்தும் எழுதியிருந்தது தெரிந்தது. டாக்டர் திட்டுவாரே என்ற பயம்தான். இன்றைய மீட்டர்களில் மெமரி இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பின் மீட்டரைத் தொட மனம் வருவதில்லை. அந்த ரீடிங்தான் டாக்டருக்கு அதிகம் பயன்படும்.

சிவப்பு செல்கள்

தாளில் ஒரு செல் சிவப்பானால், கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டாம். முதலில் மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளூக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கவும். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு, சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி அளக்கவும். 70ஐத் தாண்டாவிட்டால் மீண்டும் அதே அளவு. தாண்டியதும் ஏதாவது சாப்பிடவும். வண்டி ஓட்டும்போது அறிகுறி தெரிந்தால் ஓரங்கட்டி நிறுத்தவும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108ஐ அழைக்கவும்.

பிறகு வந்து அந்த வரிசையில் குறிப்பை எழுதுங்கள். அன்று என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, எந்த வேளை சாப்பிடவில்லை என்பது வரை. மாதம் இரு சிவப்பு செல்கள் வந்தாலே அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடவும். மாத்திரையை நீங்களாகக் கூட்டுவதோ நிறுத்துவதோ கூடாது.

டாக்டரிடம் செல்லும் முன் பேஜ் லேஅவுட் டேபில் ஓரியன்டேஷன் சென்று லேண்ட்ஸ்கேப் என வைத்து, வித்த் என்ற இடத்தில் ஒன் பேஜ் எனக் கொடுத்து பிரிண்ட் எடுக்கவும். அப்படிச் செய்யாவிட்டால் குறிப்பு வரிசை மட்டும் தனித் தாளில் போய் விழும். பிரிண்டர் இல்லை என்றால் பைலை பென் டிரைவில் ஏற்றி, பக்கத்து ஜெராக்ஸ் கடையில் கொடுக்கலாம். அந்தத் தாளுடன் மீட்டரையும், இப்போது சாப்பிட்டு வரும் மாத்திரை அட்டைகளையும் பையில் போட்டுக் கொள்ளவும்.